சம்பளம் நல்ல சம்பளம், ஊர்தான் நிலையில்லை: சைட் வேலைக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிப்ளமாவோ பி.இ.யோ முடித்து, ஊரில் ஒரு பில்டரிடமோ கன்சல்டன்ட்டிடமோ நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த போன் வரும். பெரிய இன்ஃப்ரா கம்பெனி, இப்போது வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு சம்பளம், "பான் இந்தியா போஸ்டிங், ஓகேவா சார்?" இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் பல வருடம் கட்டுமான சைட்டுகளில் இருந்தவன். இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால், அந்த இரண்டு நாளில் என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். போகலாமா, வேண்டாமா?

கல்யாணம் ஆகாதவர், தலையில் கடன் இருக்கிறது, வயது முப்பதுக்குள்: யோசிக்காமல் போகலாம். மற்றவர்கள் சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் லீவைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சம்பளம் ஆஃபர் லெட்டரில் அச்சாகி வரும். லீவும் அச்சாகித்தான் வரும், ஆனால் கிடைக்குமா என்பது வேறு விஷயம். சைட்டை விட்டு ஓடி வந்தவர்களில் சம்பளம் போதவில்லை என்று வந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. "கேட்ட நேரத்துக்கு ஊருக்கு விடவில்லை" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள்.

ஆஃபரில் "விரிவான பயணம் தேவைப்படும்" என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு அலைச்சல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் "சைட் வேலை" என்று ஒரே பெயரில் சொன்னாலும் வாழ்க்கை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

நீர்மின் திட்டம், சுரங்கப்பாதை என்றால் ஒரே இடத்தில் நாலைந்து வருடம் இருக்கலாம். அந்த இடம் எங்கே என்பதுதான் சிக்கல். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரில் ராட்லே, பாகல் துல், கிரு என்று வரிசையாக அணைகள் எழும்புகின்றன. சென்னையிலிருந்து ஜம்முவுக்கு ரயிலில் இரண்டு நாளுக்கு மேல், அங்கிருந்து மலைப்பாதையில் இன்னும் ஆறேழு மணி நேரம். பனிக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை.

டிரான்ஸ்மிஷன் லைன், அதாவது உயர் அழுத்த மின்பாதை போடும் வேலை அப்படியே நேர்மாறு. லைன் போகும் திசையில் நீங்களும் போக வேண்டும். ஃபவுண்டேஷன் முடிந்து, டவர் எரெக்‌ஷன் முடிந்து, கம்பி இழுக்கும் ஸ்ட்ரிங்கிங் வரும்போது கேம்ப் நகர்ந்துகொண்டே இருக்கும். குஜராத்தின் கட்ச் பகுதியில் காவ்டா சூரிய, காற்றாலை மின் பூங்காவிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவர 765 கிலோவோல்ட் லைன்கள் போடுகிறார்கள். இந்த மாதிரி வேலையில் இந்த மாதம் ஒரு தாலுகா, அடுத்த மாதம் இன்னொன்று. நில உரிமையாளர்களிடம் வழித்தகராறு வந்தால் ஒரு டவருக்காக ஒரு மாதம் உட்கார்ந்திருப்பதும் உண்டு. குடும்பத்தைக் கூட்டிப்போகும் பேச்சுக்கே இடமில்லை.

நெடுஞ்சாலை வேலையில் ஒரு பேக்கேஜ், அதாவது ஒரே கான்ட்ராக்டில் கொடுக்கும் பகுதி, இரண்டு மூன்று வருடம். பக்கத்தில் ஏதாவது ஒரு சிறு நகரம் இருக்கும், வீடு எடுத்துக் குடும்பம் வைக்கலாம். மெட்ரோ என்றால் நகரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு, வாடகைதான் சாப்பிட்டுவிடும். ரிஃபைனரி, அனல்மின் நிலையங்களை நிறுத்திவைத்துப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைகளில் மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை ராப்பகலாக ஷிப்ட், முடிந்ததும் அடுத்த பிளான்ட். ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் ஊற்றும் அச்சு), டவர் கிரேன், டனல் மெஷின் சப்ளை செய்யும் கம்பெனிகளின் சர்வீஸ் இன்ஜினியர்களுக்கு வீடு ஒரு ஊரில் இருக்கும், பெட்டி எப்போதும் கையில் இருக்கும். அவர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம், ஆனால் வாரக் கடைசியிலாவது வீட்டுக்கு வர வாய்ப்பும் அவர்களுக்குத்தான்.

அதனால் ஹெச்.ஆரிடம் "டிராவல் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், "தேவைக்கேற்ப" என்ற பதில்தான் வரும். எந்த புராஜெக்ட், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, முடிந்தவுடன் அங்கிருக்கும் ஆட்கள் எங்கே போவார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள்.

இப்போது 38,000 கையில் வருகிறது. புதிய ஆஃபரில் 62,000 வரும். 24,000 லாபம்தானே?

ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். சைட்டில் மெஸ் இலவசம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், உங்கள் சாப்பாட்டுக்குத் தனியாக 5,000. வீட்டில் அடுப்பு எரிவது நிற்கப்போவதில்லை, ஆக இரண்டு அடுப்பு. குவாஹாத்தி பக்கம் சைட், வருடத்துக்கு நாலு தடவை விமானத்தில் வருகிறீர்கள், ஒரு தடவைக்குப் போகவர 16,000 என்றால் வருடத்துக்கு 64,000, மாதத்துக்கு ஏறக்குறைய 5,300. இதுவரை நீங்களே செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு இனி ஆள் வைக்க வேண்டும்: அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ, பிள்ளைக்கு ஸ்கூல் வேன், மோட்டார் ரிப்பேர் ஆனால் எலக்ட்ரீஷியன். 3,000 போடுங்கள். மிச்சம் 10,700.

அதே ஆஃபரில் சாப்பாடும் கம்பெனி, டிக்கெட்டும் கம்பெனி என்றால் மிச்சம் 21,000. ஆக லெட்டரில் இரண்டு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் உங்கள் லாபம் பாதியாகிறது அல்லது இரட்டிப்பாகிறது. பேசும்போது எல்லாரும் அடிப்படைச் சம்பளத்தில் இரண்டாயிரம் ஏற்றத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். இந்த இரண்டு வரியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டவர்களுக்குக் கிடைப்பதும் சுலபம். டிக்கெட் செலவு சைட் கணக்கில் போகும், ஹெச்.ஆருக்கு வலிக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. இப்போது ஒன்பது மணி நேரம், மாதம் 26 நாள், ஒரு மணிக்கு 162 ரூபாய் ஆகிறது. சைட்டில் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம். அதே 26 நாளுக்கு ஒரு மணிக்கு 199. சம்பளம் 63 சதவீதம் ஏறியிருக்கிறது, உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 22 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. இன்ஜினியர்களுக்கு ஓவர்டைம் கிடையாது, "ஸ்டாஃப்" என்று சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் என்றால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சி.டி.சி.யில் எதையெல்லாம் கழித்துப் பார்க்க வேண்டும்?

சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை. அதில் கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், இன்ஷூரன்ஸ் பிரீமியம், "வேரியபிள்" என்று ஒரு தொகை. இவற்றை எடுத்துவிட்டு வருவதுதான் மாதச் சம்பளம். புராஜெக்ட் லாபத்தில் போனால்தான் வேரியபிள் என்று எழுதியிருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "சைட் அலவன்ஸ்" இருந்தால், லீவில் இருக்கும் நாட்களுக்கு அது வெட்டப்படுமா, வேறு சைட்டுக்கு மாற்றினால் நின்றுவிடுமா என்று கேளுங்கள். பல இடங்களில் நின்றுவிடும். வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. முடிவு செய்யும்போது அலவன்ஸைச் சேர்க்காமல் பாருங்கள்.

வரி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு வருடத்துக்கு 12.75 லட்சம் வரை வரி வருவதில்லை.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும் என்பது நிரந்தர ஊழியர்களுக்கு. புராஜெக்ட் முடியும் வரை என்று காலம் குறித்து எடுப்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் வேலை செய்தாலே விகிதப்படி கிராஜுவிட்டி உண்டு. இது பல ஹெச்.ஆர்.களுக்கே ஞாபகம் இருப்பதில்லை.

லீவு வருடத்துக்கு 30 நாள் என்று போட்டிருக்கிறார்கள். நல்ல கம்பெனிதானே?

எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் பயண நாள் லீவில் சேருமா என்று பாருங்கள். அசாம்-அருணாச்சல் எல்லையில் சுபன்சிரி அணைப் பக்கம் இருக்கிறீர்கள், நாலு மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் லீவு என்று வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் நடுவே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறது, எழுபது மணி நேரம் தாண்டும். ஒரு பக்கம் மூன்று நாள், மறுபக்கம் மூன்று நாள். வீட்டில் இருப்பது நாலு நாள், அதில் ஒரு நாள் தூங்கியே போகும். விமானம் தந்தால் எட்டு நாள். அப்புறம், ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் டிக்கெட்டுக்கு லீவு உறுதியாக வேண்டிய தேதியும் அதுதான். "போன வாரம்தான் லீவு சாங்ஷன் ஆச்சு" என்பவருக்கு ஜெனரல் கோச்தான் வாய்க்கும்.

அடுத்தது யார் சாங்ஷன் செய்வது என்பது. ஹெட் ஆபீஸ் பாலிசி எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவது சைட் இன்சார்ஜ். மார்ச் மாதம் பில்லிங், மழைக்கு முன் ஃபவுண்டேஷன், அமைச்சர் வருகிறார், க்ளையன்ட் ஆடிட் என்று அவருக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. உங்கள் இடத்தில் நிறுத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதுதான் நான் சொல்ல வந்ததன் மையம். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைப் பாருங்கள். ஓ.என்.ஜி.சி.யில் 14 நாள் வேலை, 14 நாள் ஓய்வு. அங்கே ஒரு நாற்காலிக்கு இரண்டு ஆள் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஹெலிகாப்டரில் இறங்கும்போது மற்றவர் ஏறுவார். லீவு தானாக நடக்கிறது. கட்டுமானத்தில் ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள். சில சமயம் இரண்டு நாற்காலிக்கு ஒரு ஆள். அங்கே லீவு என்பது இன்னொருவர் உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்யச் சம்மதிப்பது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "நான் லீவில் போனால் என் வேலையை யார் பார்ப்பார், அவர் பெயர் என்ன?" பெயர் வந்தால் லீவு உண்டு. "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று வந்தால் 30 நாளில் பாதியை மறந்துவிடுங்கள்.

முடிந்தால் அந்த சைட்டில் இருக்கும் ஒரு தமிழ் ஆளைத் தேடிப் பிடியுங்கள். எந்த சைட்டிலும் ஒருவராவது இருப்பார், சர்வேயராகவோ ஸ்டோர்ஸிலோ. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

கம்பெனி ஒழுங்காகச் சம்பளம் போடுமா என்று எப்படித் தெரியும்?

இரண்டு இடம் இருக்கிறது, இரண்டும் இலவசம். பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பகுதி உண்டு. கம்பெனி பெயரைப் போட்டால் மாதாமாதம் எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும். மூன்று நாலு மாதம் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தால், ஆட்களின் எண்ணிக்கை சரசரவென்று குறைந்திருந்தால், காரணம் கேட்காமலே புரியும்.

இன்னொன்று கிரெடிட் ரேட்டிங், அதாவது கம்பெனி கடனைத் திருப்பிக் கட்டுமா என்ற மதிப்பீடு. கிரிசில், இக்ரா, கேர் போன்ற நிறுவனங்கள் ஓரளவு பெரிய கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு மதிப்பீடு தந்து, அதற்கான காரணத்தையும் இரண்டு மூன்று பக்கத்தில் பொதுவில் போடுகின்றன. கையிருப்பு ஆர்டர் எவ்வளவு, பில் பணம் வர எத்தனை நாள் ஆகிறது, வங்கி லிமிட் முழுக்கத் தீர்ந்திருக்கிறதா என்றெல்லாம் எழுதியிருக்கும். "நிறுவனம் ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு குறிப்பு இருந்தால் கொஞ்சம் பயப்படலாம்.

பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி, ஆஃபர் மட்டும் ஒரு மேன்பவர் ஏஜென்சியிடமிருந்தோ சப்-கான்ட்ராக்டரிடமிருந்தோ வருகிறதா? அது வேறு வேலை. பெரிய கம்பெனி வேலை நடக்க நடக்கப் போடும் ஆர்.ஏ. பில் க்ளையன்ட்டிடம் பாஸானால்தான் சப்-கான்ட்ராக்டருக்குப் பணம், அதற்குப் பிறகுதான் உங்களுக்கு. எவ்வளவு சம்பளம் சொன்னாலும் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் எங்கேயும் கொடுக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்கு இப்படி ஓர் ஆஃபர் வந்திருக்கிறது. "நீ சொல்றதுதான்" என்கிறார். நான் என்ன சொல்வது?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். முடிவை உங்கள் தலையில் வைத்துவிட்டார் என்பதை முதலில் கவனியுங்கள். "போங்க" என்றால் நாளைக்குக் கஷ்டம் வரும்போது நீதானே சொன்னாய் என்பார், "வேண்டாம்" என்றால் கடன் கட்ட முடியாதபோது அதே வசனம். அதனால் ஆம், இல்லை என்று சொல்லாமல் நிபந்தனை சொல்லுங்கள்.

எதற்காகப் போகிறார் என்று ஒரு தொகை இருக்க வேண்டும். வீட்டுக் கடனில் எட்டு லட்சம் அடைக்க, நாத்தனார் கல்யாணத்துக்கு, மனை வாங்க, எதுவானாலும் சரி. தொகை இருந்தால் திரும்பி வரும் தேதியும் கிடைக்கும். "நல்ல சம்பளம்" என்பதற்காக மட்டும் போனவர்கள், சம்பளத்துக்கேற்ப வாழ்க்கையை ஏற்றிக்கொண்டு திரும்ப முடியாமல் நிற்பதைப் பார்க்கிறேன்.

அப்புறம், அவர் இல்லாத வீட்டை யார் நடத்துவது என்பதில் வெளிப்படையாகப் பேசுங்கள். மாமனார் மாமியாரோடு இருப்பதா, அம்மா வீட்டுக்கு அருகில் வீடு எடுப்பதா? சம்பளம் யார் கணக்குக்கு வரும்? கூட்டுக் கணக்கு இல்லாமல், ஒவ்வொரு மாதமும் அவர் ஜிபேயில் அனுப்பி நீங்கள் கணக்குச் சொல்வது என்றால் இரண்டாவது வருடத்தில் சண்டை நிச்சயம். நீங்களும் வேலைக்குப் போகிறவர் என்றால் கணக்கையே மாற்றிப் போட வேண்டும். அவர் போனதால் நீங்கள் வேலையை விட வேண்டி வந்தால் அந்த 24,000 எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

பிள்ளை வயிற்றில் இருக்கிறது, அல்லது இரண்டு வயதுக்குள் குழந்தை இருக்கிறது என்றால் என் கருத்து: இந்த ஆஃபர் வேண்டாம். கட்டுமானத்தில் ஆஃபர்கள் மறுபடி வரும். அனுபவம் கூடக்கூட இன்னும் நல்லதாகவே வரும்.

பிள்ளைகள் படிப்பு?

ஐந்தாவது வரை கூடவே கூட்டிக்கொண்டு போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது; சி.பி.எஸ்.இ. பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தால் ஊர் மாறினாலும் பாடம் மாறாது. கேந்திரிய வித்யாலயாவில் இடமாற்றல் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்பது மத்திய அரசு ஊழியர்களிலிருந்து தொடங்கும் வரிசை. தனியார் கம்பெனிக்காரர் கடைசியில்தான் வருவார், அதை நம்பிப் போக வேண்டாம்.

ஆறாவதிலிருந்து யோசியுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நடுவில் இரண்டு வருடம் நாக்பூரில் படித்தால் அது போய்விடும். வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைகள் இங்கே கல்லூரி சேர நேட்டிவிட்டி சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும். எட்டாவது வந்துவிட்டால் குடும்பத்தை ஊரில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் போங்கள், அல்லது நீங்களும் திரும்பி வாருங்கள்.

அப்பா அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை.

அண்ணனோ தங்கையோ அதே ஊரில் இருந்தால் சமாளிக்கலாம். அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு, சம்மதம் வாங்கிவிட்டுப் போங்கள். "அவன் பார்த்துப்பான்" என்று நீங்களாக நினைத்துக்கொள்வது பிற்பாடு சொத்துப் பிரிக்கும்போது பேச்சாக வரும். ஒரே பிள்ளை, அப்பாவுக்கு டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சை என்றால் ஒரு நாளில் வந்து சேரக்கூடிய தூரத்துக்கு மேல் போகாதீர்கள். ஹைதராபாத், பெங்களூரு, நாக்பூர் சரி, கிஷ்த்வார் வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று. அவர்களுடைய வங்கிக் கணக்கு, கேஸ், ஆதார் எல்லாவற்றிலும் உங்கள் நம்பர் இருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள். நீங்கள் டனலுக்குள் சிக்னல் இல்லாமல் நிற்கும்போது அப்பா கவுன்ட்டரில் ஓ.டி.பி.க்காக நிற்பார். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பெற்றோர் சேருவார்களா என்பதையும் கேளுங்கள்; இ.எஸ்.ஐ. மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்குத்தான், உங்களுக்கு வராது.

பெண் பார்க்கிறார்கள். சைட் வேலை என்றால் தட்டிவிடுகிறார்களே?

தட்டிவிடத்தான் செய்வார்கள். கல்யாணத்துக்கு முன் போய்ச் சம்பாதித்துவிட்டு, ஜாதகம் எடுக்கும்போது மெட்ரோ மாதிரி நகர சைட்டுக்கு மாறிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "பெங்களூரில் வேலை" என்று சொல்லிக் கட்டிவைத்து, பிறகு பெண் சத்தீஸ்கரில் போய் இறங்கிய கதைகள் எல்லா சைட் மெஸ்ஸிலும் உண்டு.

இந்தி தெரியாதே?

மூன்று மாதத்தில் வந்துவிடும். ஷட்டரிங், கம்பி கட்டும் ஆட்கள் பெரும்பாலும் ஜார்க்கண்ட், பீகார், வங்காளத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பக்கத்துக்காரர்கள். சென்னையிலும் கோவையிலும் உங்கள் சைட்டில் இருப்பவர்களும் அவர்கள்தான். கிளம்புவதற்கு முன் இங்கேயே அவர்களோடு பேசிப் பழகுங்கள். லெட்டர், மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலம்தான். அதில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு சைட்டில் மரியாதை தனி.

மலைப்பக்க சைட் என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வந்த வெள்ளம் ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை அடித்துச் சென்றது. இருநூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். 2023 நவம்பர் 12 அன்று சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டி, 17 நாள் கழித்து வெளியே வந்தார்கள். பெரிய இயந்திரம் உடைந்துபோக, கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டித்தான் எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் தெலங்கானாவில் எஸ்.எல்.பி.சி. சுரங்கத்தில் எட்டுப் பேர் சிக்கினார்கள். அவர்கள் பிழைக்கவில்லை.

இதற்காக எல்லா மலை சைட்டையும் ஒதுக்க வேண்டாம். தப்பிக்கும் வழி உண்டா, கேம்ப் ஆற்றங்கரையில் இருக்கிறதா மேட்டில் இருக்கிறதா, டாக்டரும் ஆம்புலன்ஸும் சைட்டிலேயே இருக்கிறார்களா, விபத்துக் காப்பீடு சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். சேஃப்டி ஆபீசர் யாரிடம் ரிப்போர்ட் செய்கிறார் என்பதும் முக்கியம். புராஜெக்ட் மேனேஜருக்குக் கீழே மட்டும் என்றால், வேலையை நிறுத்து என்று அவரால் சொல்ல முடியாது. உங்கள் பெயரில் தனியாக ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்து, வேலை எப்படிப்பட்டது என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

"சென்னை மெட்ரோவுக்குத்தான் எடுக்கிறோம்" என்கிறார்கள். அலைய வேண்டியதில்லையே?

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். வேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் எந்தப் பேக்கேஜ், எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று பாருங்கள். எண்பது சதவீதம் முடிந்த பேக்கேஜில் ஆள் எடுத்தால், ஆறேழு மாதத்தில் உங்களை வேறெங்கோ அனுப்புவார்கள். நியமனக் கடிதத்தில் "இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்" என்ற வரி இருக்கும்போது வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

எத்தனை வருடம் இருக்கலாம்? பிறகு ஊரில் வேலை கிடைக்குமா?

ஒரு வேலையை அடிக்கல்லிலிருந்து ஒப்படைப்பு வரை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வருவது மதிப்பு. எட்டு மாதத்துக்கு ஒரு சைட் என்று தாவினால் ரெஸ்யூமேயில் ஊர்ப் பெயர்கள்தான் மிஞ்சும். சைட்டில் இருக்கும்போதே பில்லிங், பிளானிங், கான்ட்ராக்ட் கடிதங்கள் பக்கம் கையை நீட்டுங்கள். பத்து வருடம் எக்ஸிக்யூஷன், அதாவது களத்தில் வேலையை நடத்துவது மட்டும் பார்த்தவருக்கு மறுபடியும் சைட் வேலைதான் கிடைக்கும். குவாண்டிட்டி கணக்கும், க்ளையன்ட்டிடம் கூடுதல் பணம் கேட்கும் க்ளெய்மும் தெரிந்தவருக்கு ஹெட் ஆபீஸிலோ கன்சல்டன்ட்டிடமோ இடம் உண்டு.

டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. ஜே.இ. எழுதும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். இரவு எட்டரைக்கு கெஸ்ட் ஹவுஸுக்கு வந்து புத்தகத்தைத் திறப்பேன் என்று சொல்லிப் போன பலரின் புத்தகங்கள் அட்டை மடியாமல் திரும்பி வந்திருக்கின்றன. அந்த நேரத்தில் சைட்டில் நடப்பது சீட்டாட்டமும் குடியும். ஒதுங்கி இருப்பது முடியாததல்ல, ஆனால் முதல் வாரத்திலேயே "நான் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும்.

இதற்குப் பதிலாக வளைகுடாவுக்கே போய்விடலாமா?

சம்பளம் கூடுதல், வரி இல்லை, லீவு பல இடங்களில் வருடத்துக்கு ஒரு தடவை. அலைச்சல் குறைவு, பிரிவு அதிகம். பதிவு பெற்ற ஏஜென்ட் வசூலிக்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

சேர்ந்துவிட்டேன். ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

முதல் ஒரு மாதம் எல்லாருக்கும் ஒத்துவராது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதல் லீவு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம். கிடைக்காமல் தள்ளிப்போனால், அதை மின்னஞ்சலில் ஹெட் ஆபீஸுக்குத் தெரிவித்து, சைட் மாற்றம் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் நோட்டீஸ் கொடுங்கள். பலர் லீவில் ஊருக்கு வந்து அப்படியே போனை அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரிலீவிங் லெட்டர் வராது, கடைசி மாதச் சம்பளம் வராது, பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி ஏறாமல் அடுத்த கம்பெனியில் இழுபறியாகும். புரொபேஷன் காலத்தில் நோட்டீஸ் பெரும்பாலும் குறைவு, அதற்குள் முடிவெடுத்தால் நல்லது.

வெளியே வந்ததும் பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு, பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். சைட் சைட்டாக மாறுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துச் செலவழித்துவிடுவதால், இருபது வருடம் உழைத்தும் பென்ஷன் கணக்கில் இரண்டு வருடம்தான் காட்டும்.